கண்மாய் மண் எதைப் பிடிக்கும், எதை விடும்: வீட்டிலேயே செய்து பார்க்கும் முறை

ஒரு பிடி கரிசல் மண், வண்ண மீன் கடையில் கிடைக்கும் மெத்திலீன் ப்ளூ, மளிகைக் கடைக் கேசரி பவுடர், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பாட்டில் கடல் தண்ணீர். இவ்வளவு இருந்தால், களிமண் எந்த அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதை இரண்டே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். நான் ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணிப் பக்கம் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து செய்து பழகிய முறை இது, அதனால் எங்கே தப்பு வரும் என்பதும் ஓரளவு தெரியும்.

எதற்கு இதெல்லாம்? மருந்து அடித்த டேங்கை ஊருணிக் கரையில் கழுவுகிறார்கள், படகு இன்ஜினில் வடித்த ஆயிலைக் கரையிலேயே ஊற்றுகிறார்கள், ஏன் என்று கேட்டால் "அதெல்லாம் மண்ணு வடிகட்டிரும்" என்று பதில் வருகிறது. அது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரியாமல் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மண் சிலதைக் கெட்டியாகப் பிடிக்கும், சிலதைத் தொடவே தொடாது, சிலதைப் பிடித்து வைத்திருந்து பிறகு வேறோர் இடத்தில் கொண்டுபோய் இறக்கும். எது எப்படி என்பதை முடிவு செய்வது மூன்று விஷயங்கள்: அழுக்கின் மின்சுமை, களிமண்ணின் வகை, தண்ணீரின் உப்பு.

முதலில் களிமண்ணைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். 2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகளைத்தான் களிமண் என்கிறோம். ஒவ்வொரு துகளும் அப்பளக் கட்டு மாதிரி, தகடு மேல் தகடாக அடுக்கியது. சிலிக்காத் தகடு ஒன்று, அலுமினாத் தகடு ஒன்று என்று ஜோடி ஜோடியாக இறுக்கமாக ஒட்டியிருந்தால் அது கயோலினைட், அதன் இடுக்கில் தண்ணீர் நுழையாது. இரண்டு சிலிக்காத் தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினாத் தகடு இருந்து, அந்த மூன்றடுக்குகள் ஒன்றோடொன்று தளர்வாக இருந்தால் அது மான்ட்மொரில்லோனைட். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மழை பெய்தால் இடுக்கெல்லாம் தண்ணீர் புகுந்து மண் ஊதும், சித்திரையில் தண்ணீர் போனதும் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். கயோலினைட்டில் ஒரு கிராமுக்கு 10 முதல் 30 சதுர மீட்டர் பரப்பு உண்டு என்றால், மான்ட்மொரில்லோனைட்டில் உள் இடுக்கையும் சேர்த்து 700, 800 சதுர மீட்டர் வரை போகும். நம் கணக்கில் சொன்னால் ஒரு கிராம் மண்ணுக்குள் 17 முதல் 20 சென்ட் மனை! அத்தனை பரப்பும் அழுக்கு வந்து உட்கார இடம்தான். ஆனால் எல்லா அழுக்குக்கும் அங்கே இடம் கொடுப்பதில்லை, அதுதான் விஷயம்.

ஏனென்றால் இந்தத் தகடுகள் எப்போதும் எதிர்மின்சுமையோடு இருக்கின்றன. படிகம் உருவான காலத்திலேயே சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியமும், அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மெக்னீசியமும் போய் உட்கார்ந்துவிட்டதால் நேர்மின்சுமை கொஞ்சம் குறைகிறது. அதைச் சமன் செய்ய சோடியம், கால்சியம் போன்ற நேரயனிகள் தகட்டின் மேல் வந்து ஒட்டியிருக்கும். நேர்மின்சுமை உள்ள கரிமப் பொருள் ஒன்று வந்தால், அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று படிப்பதில் அயனிப் பரிமாற்றம் என்கிற இந்த வகைதான் நம் மண்ணில் ரொம்ப வலுவானது.

சரி, வேலைக்கு வருவோம்.

மண் எடுக்கும்போது தண்ணீர் வற்றிய கண்மாயில் ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுங்கள், மேலே கிடக்கும் சருகு, வேர் வேண்டாம். ஒப்பிட இரண்டு மண் தேவை. நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மட்டி வாங்குங்கள். இன்னொன்று நாமக்கட்டி, திருப்புல்லாணியில் கோயில் வாசலிலேயே கிடைக்கும், வெள்ளைக் களிமண்ணில் செய்தது. அதில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு கலந்தது, அதை விட்டுவிட்டு வேறு வாங்குங்கள். சேதுக்கரையிலோ உங்கள் ஊர்க் கடற்கரையிலோ ஒரு கை மணலும் எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து மட்டும் எதையும் எடுக்காதீர்கள். அந்த 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, மண் உட்பட எதையும் தொடக் கூடாது. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் போய்ச் சேறு அள்ளுவதும் வேண்டாம்.

கண்மாய் மண்ணில் மணலும் வண்டலும் கலந்திருக்கும், பிரிக்க வேண்டும். ஒரு வாளியில் மண்ணைக் கரைத்து, நன்றாகக் கலக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். 2 மைக்ரானைவிடப் பெரிய துகள் எல்லாம் 10 செ.மீ. கீழே இறங்க 7, 8 மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரி கலக்கி வைத்துவிட்டுக் காலையில் மேலே இருக்கும் 10 செ.மீ. கலங்கலை மட்டும் ஒரு குழாய் போட்டு மெதுவாக உறிஞ்சி எடுத்தால் அதில் இருப்பது அநேகமாகச் சுத்தமான களிமண். கேன் தண்ணீரில் கரைப்பதுதான் நல்லது, நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கரைத்தால் காலைக்குள் எல்லாம் அடியில் படிந்துவிடும். எடுத்ததை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் ஓரம் சுருண்டு சில்லு சில்லாக உரிந்து வரும். அதைப் பொடித்து வையுங்கள்.

அப்புறம் எடை. அரை கிராம், கால் கிராம் எல்லாம் சமையலறைத் தராசில் சரியாக வராது. அதனால் 2 கிராம் மண்ணை (நகைத் தராசு இருந்தால் சரியாக இருக்கும், பக்கத்து நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள்) 100 மி.லி. கேன் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, படிவதற்குள் ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மி.லி. உறிஞ்சுங்கள். அதில் 0.2 கிராம் மண் இருக்கும். இதே மாதிரி ஒவ்வொரு களிமண்ணுக்கும் செய்யுங்கள். மணலுக்கு இது சரிப்படாது, உடனே கீழே போய்விடும், அதை நேராகவே நிறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீலம். மெத்திலீன் ப்ளூ 1876-இலேயே செயற்கையாகத் தயாரித்த சாயம், தண்ணீரில் நேர்மின்சுமையோடு இருக்கும், அதனால்தான் களிமண்ணைச் சோதிக்க உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் பொடி இருந்தால் ஒரு லிட்டருக்கு 1 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். கடைப் பாட்டிலில் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அப்போது எத்தனை மி.லி. என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். கையுறை போடுங்கள், பழைய சட்டை போடுங்கள், தரையில் பேப்பர் விரியுங்கள். வாயில் படக் கூடாது, சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடக் கூடாது.

மண் கரைசலை ஒரு டம்ளரில் வைத்து நீலத்தை 1 மி.லி. விடுங்கள். ஒரு நிமிடம் கலக்குங்கள். ஒரு கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு சொட்டு எடுத்து வடிதாளின் மேல் வையுங்கள். குனிந்து, கிட்டத்தில் பாருங்கள்: நடுவில் கருநீலமாக, விளிம்பு வெட்டினது மாதிரி ஒரு பொட்டு நிற்கும், அதைச் சுற்றிலும் தண்ணீர் மட்டும் நிறமே இல்லாமல் பரவிக்கொண்டு போகும். சாயம் முழுக்க மண்ணைப் பிடித்துக்கொண்டது, மண்ணை விட்டு ஓர் இம்மி கூட வெளியே வரவில்லை என்பதற்கு அந்த வெள்ளை வளையம்தான் சாட்சி. இன்னொரு மி.லி., கலக்கு, இன்னொரு பொட்டு. இப்படியே வரிசையாக வைத்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் அந்த ஈர வளையத்தில் வெளிர் நீலம் ஒன்று, வானத்து ஓரம் மாதிரி, லேசாகக் கசியும். அவசரப்படாதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு அதே டம்ளரிலிருந்து மறுபடி சொட்டு வையுங்கள். நீலம் மறைந்துவிட்டால் மண்ணில் இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள், தொடருங்கள். மறையாமல் நின்றால் மண் நிறைந்துவிட்டது. அந்த மி.லி.யைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணலில் முதல் சொட்டிலேயோ இரண்டாவதிலேயோ வளையம் வந்துவிடும். நாமக்கட்டி கொஞ்சம் தாங்கும். கரிசலும் முல்தானி மட்டியும் குடிக்கிற நீலத்தைப் பார்த்தால் பிள்ளைகள் "இன்னும் விடுங்க சார்" என்று சத்தம் போடுவார்கள்.

கணக்கு போட விரும்பினால் எளிதுதான். 0.2 கிராம் மண் 24 மி.லி. வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். அது 24 மில்லிகிராம் சாயம், அதாவது கிராமுக்கு 120 மில்லிகிராம். சாயத்தின் மூலக்கூறு எடை சுமார் 320, வகுத்தால் 0.375 மில்லிமோல், ஒரு மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்சுமை என்பதால் 100 கிராம் மண்ணுக்கு 37.5 மில்லிஈக்விவலென்ட் (மின்சுமையை எண்ணும் அலகு). மண் அறிவியலில் நேரயனிப் பரிமாற்றத் திறன் என்று சொல்வதும் இந்த வகைக் கணக்குதான். சுத்தமான கயோலினைட்டுக்கு அது 3 முதல் 15, இல்லைட் என்ற இன்னொரு களிமண் வகைக்கு 10 முதல் 40, மான்ட்மொரில்லோனைட்டுக்கு 80-க்கும் மேலே. ஒன்று கவனியுங்கள், சில பாட்டில்களில் நீரேறிய பொடி வரும், லேபிளில் மூலக்கூறு எடை 373.9 என்று போட்டிருந்தால் அதையே வகுக்க வேண்டும்.

இதே வேலையைக் கேசரி பவுடரை வைத்துச் செய்யுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் டார்ட்ராசின் அல்லது சன்செட் யெல்லோ, இரண்டுமே தண்ணீரில் எதிர்மின்சுமை உள்ளவை. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, கரிசல் மண்ணைத் தாராளமாகவே போட்டு, அரை மணி நேரம் குலுக்கி, வடிதாளில் வடிகட்டிப் பாருங்கள். மஞ்சள் ஏறக்குறைய அப்படியே கீழே இறங்கி வரும். நீலத்தைக் குடம் குடமாகக் குடித்த அதே மண், இந்த மஞ்சளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எதிரும் எதிரும் விலகும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு முன்னெச்சரிக்கை. சாயம் போடாமல் மண்ணும் தண்ணீரும் மட்டும் ஒரு பாட்டில், மண் போடாமல் சாயமும் தண்ணீரும் மட்டும் ஒரு பாட்டில், இந்த இரண்டையும் பக்கத்தில் கட்டாயம் வைத்திருங்கள். மண்ணிலிருக்கும் மட்கு (மக்கிப்போன இலை, வேர்) தண்ணீரை லேசாகப் பழுப்பாக்கும், அதைச் சாயம் என்று நினைத்துவிடக் கூடாது. வடிதாளே மெத்திலீன் ப்ளூவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு வருடம் நானே இந்தப் பாட்டில்களை வைக்காமல் மணல் நிறையச் சாயம் பிடிக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், பிறகு திருத்த வேண்டியதாயிற்று.

வயலில் இதற்கு நேரான உதாரணங்கள் இருக்கின்றன. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நேர்மின்சுமை உள்ளது, களிமண்ணில் பட்டதும் ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும், ஆனால் அழியாமல் வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி நம் மண்ணின் கார நிலையில் எதிர்மின்சுமை உள்ளது, கேசரி பவுடர் மாதிரி, மண்ணோடு ஒட்டாமல் மழைத் தண்ணீரோடு இறங்கிப் போகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் எதிர்மின்சுமைதான், ஆனால் அது மண்ணில் நன்றாக ஒட்டும்! அதன் பாஸ்போனேட் முனை, மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடும் களிமண் தகடுகளின் ஓரங்களோடும் நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அதே இடத்துக்குப் பாஸ்பேட்டும் போட்டியிடும், அதனால் பாஸ்பேட் உரம் நிறைய இருக்கும் மண்ணில் அதன் பிடி தளரலாம். மின்சுமை ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தயவுசெய்து இந்த மருந்துகளை வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள், சாயமே போதும்.

மூன்றாவது வகைக்கு மின்சுமையே கிடையாது. டீசல், இன்ஜின் ஆயில், டி.டி.டி., குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் எல்லாம் இந்த வகை. இதைப் பார்க்க கட்டுமான வேலைக்காரர்கள் மண் சோதிக்கும் ஒரு பழைய முறை இருக்கிறது. காய்ந்த, சலித்த கரிசல் மண் 10 கிராம் எடுத்து ஓர் அளவுசாடியில் போட்டு 100 மி.லி. வரை தண்ணீர், இன்னொரு சாடியில் அதே 10 கிராம், 100 மி.லி. வரை மண்ணெண்ணெய். குமிழி போகக் கலக்கி ஒரு நாள் விடுங்கள் (அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம்). மறுநாள் தண்ணீர்ச் சாடியில் மண் பொங்கி உயரமாக நிற்கும். மண்ணெண்ணெய்ச் சாடியில் போட்ட மண் போட்டபடியே அடியில் கிடக்கும். எண்ணெய்க்கு அந்தத் தகடுகள் திறக்கவே இல்லை. இயற்கையில் களிமண் ஏறக்குறைய எப்போதும் கொஞ்சமாவது ஈரமாகத்தான் இருக்கிறது, தகட்டின் மேல் தண்ணீர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு எண்ணெய் உள்ளே வர முடியாது.

அப்படியானால் டீசல் கொட்டின சேறு ஏன் மாதக்கணக்கில் நாறுகிறது? அங்கே வேலை செய்வது மட்கு. களிமண்ணின் மேல் படிந்திருக்கும் மக்கின இலை, வேர், பாசி இவற்றின் கரிமப் படலத்துக்குள் இந்தப் பொருள்கள் எண்ணெய்க்குள் எண்ணெய் கலப்பது போலக் கரைந்துகொள்கின்றன. தண்ணீரை எந்த அளவு வெறுக்கிறதோ அந்த அளவு உள்ளே போகும். ஆக்டனால் என்ற எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தையும் தண்ணீரையும் ஒன்றாக வைத்து அளந்தால், பென்சீன் தண்ணீரைவிட ஆக்டனாலில் சுமார் 130 மடங்கு சேரும், டி.டி.டி. பத்து லட்சம் மடங்குக்கும் மேலே. அதனால் வெள்ளை மணல் கரையைவிட, கடல்தாழையும் அலையாத்தி இலையும் மக்கிக் கிடக்கும் கருஞ்சேறுதான் இந்த வகை அழுக்குக்குப் பெரிய கிடங்கு.

கடைசிச் சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பாட்டிலில் ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர். இரண்டிலும் களிமண் கரைசலை ஒரே அளவு ஊற்றிக் குலுக்கி ஜன்னல் ஓரம் வையுங்கள். கேன் தண்ணீர் மறுநாளும் டீ மாதிரி கலங்கலாகவே நிற்கும். கடல் தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே துகள்கள் கூடிக் கூடி, பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கண் முன்னாலேயே இறங்க ஆரம்பித்துவிடும். எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்களின் அந்தத் தள்ளு விசையை உப்பு மறைத்துவிடுகிறது. ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை கடலில் விழும் இடத்தில் மழைக்காலத்தில் நடப்பதும் இதுதான். மேலிருந்து வந்த கலங்கல், உப்பைத் தொட்டதும் திரண்டு அங்கேயே, பாக்குநீரிணையின் ஆழம் குறைந்த தரையிலே படிகிறது. அதில் ஒட்டி வந்தவையும் சேர்ந்துதான் படிகின்றன.

ஆனால் படிந்தால் கதை முடிந்துவிடவில்லை. கடல் தண்ணீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதில் சோடியம் மட்டும் ஏறத்தாழ 11 கிராம். அத்தனை சோடியமும் மெக்னீசியமும் வந்து இடம் கேட்கும்போது, மின்சுமையால் மட்டும் லேசாக ஒட்டியிருந்த நேரயனிகள் கழன்று தண்ணீருக்குப் போகலாம். மெத்திலீன் ப்ளூ அவ்வளவு சீக்கிரம் கழலாது, அது தட்டையான மூலக்கூறு, தகட்டோடு படிந்து உட்கார்ந்துவிடும், அதனால் நீலம் பிடித்த மண்ணைக் கடல் தண்ணீரில் கழுவிப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் வகைக்கு உப்பு நேர்மாறாக வேலை செய்யும், உப்புத் தண்ணீரில் அவை இன்னும் குறைவாகவே கரையும், சேற்றிலேயே தங்கும். வாடைக்காற்றில் வடகடல் (பாக்குநீரிணைப் பக்கம்) கலங்கும்போது அந்தச் சேறு மறுபடி எழும்புகிறது, கிடங்கின் கதவு திறந்து மூடுகிற மாதிரி.

நம் பாட்டிமார் ஊருணித் தண்ணீரைப் பானையில் ஊற்றுமுன் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள், கலங்கல் கோத்துக்கொண்டு அடியில் போய்விடும். நல்ல முறை, கலங்கலோடு ஒட்டியிருந்ததும் கீழே போகும். ஆனால் கேசரி மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள், மண்ணோடு ஒட்டாத மருந்து அந்தத் தெளிந்த தண்ணீரில் அப்படியே இருக்கும். டேங்கை ஊருணியில் கழுவாதீர்கள் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

சோதனை முடிந்ததும் மிச்ச நீலத்தைக் கடலிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மீதிக் கரிசல் மண்ணை அதில் போட்டுக் குலுக்கினால் மண்ணே அதைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் நிறமில்லாமல் ஆனதும் வடித்துவிட்டு நீல மண்ணைக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் ஊர்த் துறையிலோ ஊருணியிலோ உண்மையான சோதனை செய்ய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பப் போகிறீர்கள் என்றால் எதை எடுப்பது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். எண்ணெய், பழைய பூச்சிக்கொல்லி பற்றிச் சந்தேகம் என்றால் தண்ணீரை மட்டும் அனுப்பினால் எதுவும் இல்லை என்றே வந்துவிடலாம். அடிச்சேற்றில் மேல் இரண்டு, மூன்று செ.மீ. மட்டும் எடுங்கள், சமீபத்தில் படிந்தது அங்கேதான் இருக்கும். 2,4-டி மாதிரி ஒட்டாத மருந்து என்றால் தண்ணீரையே எடுங்கள். இரண்டுக்கும் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அது எண்ணெய் வகைப் பொருள்களைத் தானே உறிஞ்சும். கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டில், மூடிக்கு அடியில் அலுமினியத் தாள், மேலே தேதியும் இடமும் எழுதின ஒரு சீட்டு. மீன் இறங்குதளத்தில் ஐஸ் கேட்டால் ஒரு பெட்டி நிறையக் கொடுப்பார்கள், அதில் புதைத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.